முக்த்சருக்கு வருகிறவர் முதலில் தண்ணீரை ருசிபார்க்க வேண்டும்

வேதாரண்யம் பக்கம் உப்பளங்களுக்கு நடுவே பிறந்து, இறால் குட்டை வேலை கற்றவன் நான். ஆறு ஆண்டுகளாகப் பங்குனி முடியும்போது ரயிலேறி, பஞ்சாபின் தென்மேற்கு மூலையில் உள்ள ஸ்ரீ முக்த்சர் சாகிப் மாவட்டத்துக்குப் போகிறேன். ஐப்பசியில் ஊர் திரும்புகிறேன். கடலே இல்லாத ஊரில் இறாலா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அதே வேலைக்குக் கிளம்புகிறார்கள். சம்பளம் எவ்வளவு, வெயில் எப்படி, சோறு கிடைக்குமா என்று கேட்கிறார்கள். ஊரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஊரைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே குட்டை நடத்த முடியாது என்பதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றேன். ஆகவே, புதிதாகப் போகிற ஒருவர் அந்த மாவட்டத்தை எப்படிப் படித்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

டெல்லியிலிருந்து பட்டிண்டா வரை ரயில், அங்கிருந்து பஸ். இறங்கியதும் பெட்டியைப் பண்ணையில் வைத்துவிட்டு மூன்று இடத்துத் தண்ணீரை ருசி பாருங்கள். முதலில், தங்கும் கிராமத்தின் நடுவில் உள்ள அடிபம்பு. ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம். பல இடங்களில் கரிக்கும். சில இடங்களில் கசப்பும் சேர்ந்து வரும். அடுத்து, கோட்கபூரா சாலையில் போய்க் கால்வாய்ப் பாலத்தில் இறங்குங்கள். கரையை ஒட்டி நிற்கும் அடிபம்புகளில் ஒன்றை அடித்துப் பாருங்கள். அந்தத் தண்ணீர் இனிக்கும். கால்வாயிலிருந்து கசிந்து மண்ணில் வடிந்த நீர் அது. சாயங்காலமானால் பால் கேன்களோடு ஸ்கூட்டரிலும் டிராக்டரிலும் வந்து வரிசையில் நிற்பார்கள். மூன்றாவது, முக்த்சர் நகரத்துக் குருத்வாராவின் திருக்குளம். அங்கே குடிக்க வேண்டியதில்லை. படியில் உட்கார்ந்து பார்த்தால் போதும். இந்த மூன்றும் ஏன் மூன்று விதமாக இருக்கின்றன என்று விசாரித்துக்கொண்டே போனால் மாவட்டத்தின் கதை முழுவதும் கைக்கு வந்துவிடும்.

குளத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த இடத்தின் பழைய பெயர் கித்ரானா. மழைநீர் தேங்கும் தாழ்ந்த குளத்தை அங்கே ‘தாப்’ என்பார்கள். சுற்றிலும் மணல்மேடும் முள்மரமுமாக இருந்த நாட்டில் கித்ரானா தாப் ஒன்றில்தான் தண்ணீர் இருந்தது. ஆனந்த்பூரை விட்டு வெளியேறி மால்வா பகுதி வழியாக வந்த சீக்கியரின் பத்தாவது குரு கோவிந்த் சிங்கை சிர்ஹிந்தின் நவாப் வசீர் கான் படை துரத்தி வந்தது. 1705இல் இந்தக் குளத்தின் ஓரத்தில் போர் நடந்தது. ஆனந்த்பூர் முற்றுகையின்போது பசி தாங்காமல், ‘இனி நாங்கள் உம் சீடர்கள் அல்ல’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியவர்கள் நாற்பது பேர். அவர்களை இடித்துரைத்து மீண்டும் அழைத்து வந்தவர் மாய் பாகோ என்ற பெண். முன்னே நின்று போரிட்டதும் அந்த நாற்பது பேர்தான். வந்த படைக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை, பின்வாங்கியது. உயிர் பிரியும் நேரத்தில், அந்த நாற்பதில் ஒருவரான மகான் சிங் குருவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட வேண்டும். குரு கிழித்தார். முறிந்த உறவு மீண்டும் பிணைந்த இடம் என்ற பொருளில் அங்குள்ள குருத்வாராவுக்குத் துட்டி கண்டி சாகிப் என்று பெயர். முக்தி தந்த குளம், முக்த்-சர், பிறகு ஊரின் பெயராயிற்று. 2012இல் ‘ஸ்ரீ’யும் ‘சாகிப்’பும் அரசு ஆவணங்களில் சேர்ந்தன.

தை மாதம் பொங்கலை ஒட்டி வரும் மாகி மேளாவுக்கு லட்சக்கணக்கில் மக்கள் கூடுகிறார்கள். போர் கோடையில் நடந்தது என்றும், அந்த நாளில் கூடும் கூட்டத்துக்குத் தண்ணீர் போதாததால் விழாவைக் குளிர்காலத்துக்கு மாற்றிக்கொண்டார்கள் என்றும் உள்ளூர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இதைக் கேட்டபோதுதான் எனக்கு ஊர் புரியத் தொடங்கியது. திருவிழாவின் நாளைக்கூடத் தண்ணீர்தான் முடிவுசெய்திருக்கிறது. தம்பு சாகிப், திப்பி சாகிப், ஷாகீத் கஞ்ச் என்று போரோடு தொடர்புள்ள குருத்வாராக்கள் நடக்கும் தூரத்தில் உள்ளன. புதர்களின் மேல் துணிகளை விரித்து, பெரும்படை முகாமிட்டிருப்பதுபோல் எதிரிக்குக் காட்டிய இடம் தம்பு சாகிப். குரு அம்பெய்த மணல்மேடு திப்பி சாகிப். தலையை மூடுங்கள், செருப்பைக் கழற்றுங்கள், பீடி சிகரெட்டைச் சட்டைப் பையில்கூட வைத்துக்கொண்டு போகாதீர்கள். பண்ணையிலும் புகையிலையைத் தொடாமல் இருப்பது நல்லது. சீக்கிய வீட்டில் அது சிறிய விஷயம் அல்ல.

அடுத்து கால்வாய். பாலத்தில் நின்றால் ஒன்றோடொன்று கரையைப் பகிர்ந்துகொண்டு ஓடும் இரண்டு கால்வாய்கள் தெரியும். சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகே அணையின் நீர்தான் இரண்டிலும் ஓடுகிறது. சிறியது சிர்ஹிந்த் ஃபீடர். அது பஞ்சாப் வயல்களுக்கு. பெரியது ராஜஸ்தான் ஃபீடர். 204 கிலோமீட்டர் ஓடித் தார் பாலைவனத்துக்குள் இந்திரா காந்தி கால்வாயாகப் போகிறது. தன் நிலத்தின் ஓரத்தில் ஓடும் அந்தப் பெரிய கால்வாயில் முக்த்சர் விவசாயிக்குப் பங்கு இல்லை. அவருக்கு அதிலிருந்து வந்துசேர்ந்தது கசிவுதான். 1960களில் கட்டிய கால்வாய்களின் பூச்சு உடைய உடைய, நீர் இருபுறமும் மண்ணுக்குள் இறங்கியது. ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவில் மட்டுமே மழை பெய்யும் பூமி அது. எங்கள் வேதாரண்யத்தில் கார்த்திகை ஒன்றிலேயே அவ்வளவு கொட்டிய ஆண்டுகள் உண்டு. அப்படிப்பட்ட வறண்ட நாடு அடியிலிருந்து ஊறத் தொடங்கியது. நிலம் கிண்ணம்போல் இருப்பதால் நீர் வெளியேற வழியில்லை. ஏறிவந்த நீர், மண்ணில் உறங்கிய உப்பையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தது.

இதற்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘சேம்’. பஞ்சாபி கற்கும்போது ‘ரொட்டி’க்கு அடுத்து நீங்கள் கற்க வேண்டிய சொல் இது. சேம் வந்த நிலத்தை நெருங்கியதும் தெரிந்துகொள்ளலாம்: தரையில் மாவு தூவியது போல வெள்ளை படிந்திருக்கும், கோரை முளைத்திருக்கும், நீரை உறிஞ்சட்டும் என்று நட்ட யூகலிப்டஸ் மரங்கள் வரிசையாக நிற்கும். வீடுகளின் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் பொரிந்திருக்கும். என் பண்ணைக்காரரின் தகப்பனாருக்கு எண்பது வயதுக்கு மேல். தாம் சிறுவனாக இருந்தபோது கோடையில் கலயத்தோடு தண்ணீர் தேடி நடந்ததையும், பிறகு அதே ஊரில் கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்துப் படுத்ததையும் ஒரே மூச்சில் சொன்னார். ‘சேம் பிடித்த ஊருக்கு யார் பெண் கொடுப்பார்கள்?’ என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

2018 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை இரண்டு கால்வாய்களையும் மறுபடி பூசுவதற்கு ஒப்புதல் கொடுத்தது. முக்த்சர், ஃபரீத்கோட், ஃபிரோஸ்பூர் மாவட்டங்களில் 84,800 ஹெக்டேர் நிலத்தின் சேம் குறையும் என்பது அதன் நோக்கம். நல்ல செய்திதானே என்று நினைத்துக் கிராமத்து சத்தில் உற்சாகமாகப் பேசிவிடாதீர்கள். ஆலமரத்தடி மேடை போல ஆண்கள் கூடிப் பேசும் இடம் அந்த ‘சத்’. அங்கே ஒருவர் மகிழ்வார், அடுத்தவர் கோபப்படுவார். கசிவு நின்றால் கரையோர அடிபம்பின் இனிப்புத் தண்ணீரும் நின்றுவிடும். கான்கிரீட் பூச்சை எதிர்த்து விவசாயிகள் போராடியதும் இதனால்தான். இரண்டு பேரும் சொல்வது நியாயம். நான் யாரோடும் வாதாடுவதில்லை, கேட்டுக்கொள்கிறேன். குடிநீரைப் பற்றிப் பேசினால் புற்றுநோயின் பேச்சும் வந்துவிடும். அபோகரிலிருந்து பட்டிண்டா வழியாக ஜோத்பூர் போகும் ரயிலை, பீகானேர் மருத்துவமனைக்குப் போகும் நோயாளிகளை வைத்தே மக்கள் அழைக்கிறார்கள். அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் அதில் ஏறிய ஒருவர் இருப்பார். அந்தப் பேச்சு வரும்போது காரணத்தை நாம் தீர்ப்பாகச் சொல்லக் கூடாது.

எங்கள் வேலை முளைத்தது இந்தச் சேம் நிலத்தில்தான். கோதுமையும் பருத்தியும் வராத உப்பு நீரில் வனாமி இறால் வரும் என்று காட்டிய பிறகு, குட்டைகள் பெருகின. குஞ்சுகள் கிழக்குக் கடற்கரையின் பொரிப்பகங்களிலிருந்து ஆக்சிஜன் பைகளில் விமானமேறி வருகின்றன. வருகிற பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது: அந்த உப்பு நம் கடல் உப்பு அல்ல. முதல் ஆண்டில் நான் உப்புமானியை வைத்துப் பார்த்தேன். 10 பிபிடி, அதாவது ஆயிரம் பங்கு நீரில் பத்துப் பங்கு உப்பு, காட்டியது. வேதாரண்யத்துக்காரனுக்கு உப்பைத் தெரியாதா என்ற நினைப்பில் குஞ்சு விட்டேன். பதினைந்தாம் நாள் மாதிரி பார்க்கும் சட்டியை விட்டுப் பார்த்தால் இறால்கள் வளைந்து, சதை வெளுத்து, ஓடு கழற்றும்போதே செத்துக் கிடந்தன. சுமார் 35 பிபிடி உப்புள்ள கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 380 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. அந்தக் கணக்கில் 10 பிபிடி நீரில் 100க்கு மேல் இருக்க வேண்டும். குட்டைக்கு நீர் எடுத்த கிணற்றில் பத்துகூட இல்லை. நிலத்தடியில் களிமண் பொட்டாசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆகவே குஞ்சுக்குப் பணம் கட்டும் முன் நீரை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பொட்டாஷ் போட்டுச் சரிசெய்து, மறுபடி சோதித்த பிறகே விடுங்கள். பக்கத்துக் குட்டையின் முடிவை உங்கள் குட்டைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். இருநூறு அடி தள்ளினால் நீர் மாறும். ஏப்ரலில் விட்டு அக்டோபருக்குள் பிடித்துவிட வேண்டும். பனி இறங்கிவிட்டால் இறால் தாங்காது.

இனி, ஊர்ப் பெயர்களைப் படியுங்கள். பஸ் பலகையே பாடப்புத்தகம். ‘சர்’ என்று முடிந்தால் குளம். ‘கேரா’ என்றால் பழைய ஊர் இருந்த மேடு. ‘திப்பா’ என்றால் மணல்மேடு. ‘வாலா’, ‘வாலி’ என்றால் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய ஊர். ரத்தா திப்பா, ரத்தா கேரா, லக்கேவாலி, தாண்டேவாலா என்று வரிசையாக வாசியுங்கள். இன்று தட்டையாகக் கிடக்கும் கோதுமை வயல்களில் முன்பு எங்கே மேடிருந்தது, எங்கே குளமிருந்தது என்பது தெரியும். டிராக்டர் வந்த பிறகு மேடுகளைச் சரித்துச் சமமாக்கிவிட்டார்கள். பெயர் மட்டும் நிற்கிறது. சராய் நாகா என்ற ஊரைத் தவறவிடாதீர்கள். இரண்டாவது குருவான அங்கத் தேவ் 1504இல் பிறந்த ஊர் அது. 1995இல் முதலமைச்சரான ஹர்சரண் சிங் பிராரும் அதே ஊர்க்காரர். அவர் காலத்தில், அந்த ஆண்டு நவம்பரில்தான், ஃபரீத்கோட்டிலிருந்து பிரித்து முக்த்சரை மாவட்டமாக்கினார்கள். ஐந்து முறை முதலமைச்சராக இருந்த பிரகாஷ் சிங் பாதலும் இந்த மாவட்டத்தவரே. லம்பி தொகுதி, பாதல் கிராமம். அரசியல் பேச்சு அங்கே சாப்பாட்டைப் போல. கேளுங்கள், கட்சி எடுக்காதீர்கள்.

பேச்சு மொழி மால்வயி. சட்லெஜுக்குத் தெற்கே உள்ள மால்வாவின் வழக்கு. இந்தி தெரிந்தால் போதும் என்று நினைத்துப் போன எனக்கு முதல் நாளே ஒரு குழப்பம். சத்தில் ஒருவர் ‘தோடா பிண்ட் கெஹ்ரா?’ என்றார். இந்தித் ‘தோடா’ ஆயிற்றே, ‘கொஞ்சம்’ எதையோ கேட்கிறார் என்று டீயை நீட்டினேன். மால்வயியில் அந்தச் சொல்லுக்கு ‘உங்களுடைய’ என்று பொருள். என் ஊர் எது என்று கேட்டிருக்கிறார். ஆண்களை ‘பாயி’ என்று அழையுங்கள், அண்ணன் என்பதுபோல. வயதானவர் ‘பாப்பு ஜி’. பெண்களிடம் ‘பீபி ஜி’. பெயர் சொல்லி அழைப்பதைவிட இந்தச் சொற்கள் வேகமாகக் கதவைத் திறக்கும். தெற்கே ராஜஸ்தான், அரியானா எல்லையை நெருங்கினால் பாக்ரி மொழி காதில் விழும். கடைத்தெருவில் 1947இல் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் விட்டுவந்த ஊரின் பெயரைக் கேட்டால் முகம் மாறும். இங்கிருந்து போன முஸ்லிம் குடும்பங்களைப் பற்றி வயதானவர்கள் மெல்லச் சொல்வார்கள்.

கிராமத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்களுக்கு வேலை கொடுப்பவர் பெரும்பாலும் நிலமுள்ள ஜாட் சீக்கியராக இருப்பார். டீயும் கட்டிலும் அவர் வீட்டில் கிடைக்கும். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் சுமார் 9 லட்சம் மக்களில் 42 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மஜ்பி சீக்கியர்கள் அவர்களில் பெரிய பிரிவு. அவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. ஊரின் மறுபுறம் அவர்கள் குடியிருக்கும் பகுதிக்கு ‘வேஹ்ரா’ என்று பெயர். சமத்துவத்தைச் சொன்ன சமயத்தின் ஊரிலேயே குருத்வாராக்கள் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். ஊர்ப் பொது விளைநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குத்தகைக்கு அவர்களுக்கு ஒதுக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த ஏலம் யார் கையில் போகிறது என்பது கோடைக்கு முன் ஊரில் சூடான பேச்சு. ஆண்டுக் கணக்கில் ஒரு பண்ணையோடு கட்டுண்டு உழைப்பவரைச் ‘சீரி’ என்கிறார்கள்.

வேஹ்ராவை அறிய வேண்டுமானால் பருத்தி எடுக்கும் காலத்தில் வயலுக்குப் போங்கள். பருத்தியை அவர்கள் ‘நர்மா’ என்கிறார்கள். பெண்கள் இடுப்பில் துணி கட்டி, இரண்டு கையாலும் காயைக் கீறிப் பஞ்சை எடுத்து அதில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். காய்ந்த காயின் நுனி ஊசிபோலக் குத்தும். எங்கள் குட்டையில் தீவனம் போட வரும் ஒரு பீபி ஜி தன் விரல்களை விரித்துக் காட்டினார். நகத்தைச் சுற்றி வெடிப்புகள், அதில் கடுகெண்ணெய் தடவியிருந்தது. கூலி கிலோ கணக்கில். 2015இல் வெள்ளை ஈயும், 2021இல் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் நர்மாவை அழித்தபோது, நிவாரணம் பேசப்பட்டது முதலில் நிலத்தின் பெயரில். ‘என் பெயரில் நிலம் இல்லை, பாயி, வலி மட்டும் இருக்கிறது’ என்றார் அவர். நர்மா போன வயல்களில் நெல் வந்தது. நெல் நடவுக்குப் பீகாரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நம்மைப் போலவே தொலைவிலிருந்து வந்தவர்கள்; அவர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள்.

நிலக்கணக்கைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு கில்லா என்பது ஓர் ஏக்கர். 198 அடிக்கு 220 அடி. அதில் 8 கனால், ஒரு கனாலில் 20 மர்லா. 25 கில்லா சேர்ந்தால் ஒரு முரப்பா. வயல்கள் கட்டம் கட்டமாக இருப்பதால் நடந்தே அளக்கலாம். குத்தகைக்குத் ‘டேகா’, ஆண்டுக்கு, கில்லாவுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். குட்டைக்கு நிலம் பேசும் முன் ஊர் நிலக்கணக்கரான பட்வாரியிடம் உள்ள ஜமாபந்தி என்ற நில உரிமைப் பதிவேட்டில் பெயரைப் பாருங்கள். வாய்ப்பேச்சில் ஒரு முதலாளி, பதிவேட்டில் நான்கு சகோதரர்கள் என்பது அங்கே சாதாரணம். தானியச் சந்தையான மண்டிக்கு ஒரு நாள் போதும். கோதுமைக்கு ஏப்ரல், நெல்லுக்கு அக்டோபர். தானியக் குவியலின் பக்கத்தில் விவசாயியும், அவருக்குக் கடன் கொடுத்து விளைச்சலை விற்றுக்கொடுக்கும் ஆட்தியாவும் நின்று பேசுவதைக் கவனியுங்கள். யார் குரல் முதலில் தாழ்கிறது என்பதில் அந்த உறவு தெரிந்துவிடும்.

ஓர் இரவாவது கால்வாய்ப் பாசனத்தைப் பாருங்கள். வாரத்தின் 168 மணி நேரத்தையும் ஒரு மடையின் கீழுள்ள நிலத்துக்கு ஏற்பப் பங்கிட்டிருப்பார்கள். ஒவ்வொருவர் முறைக்கும் ‘வாரி’ என்று பெயர். இரவு முறை ஒருவர் தலையிலேயே நிற்காதபடி, ஆண்டுக்கொரு முறை நேரத்தை 12 மணி நேரம் தள்ளிவைப்பார்கள். என் பண்ணைக்காரரோடு ஒருமுறை அதிகாலை இரண்டு மணிக்குப் போனேன். மண்வெட்டி, டார்ச், கைக்கடிகாரம். மேல் வயல்காரர் முன்பே வந்து வாய்க்கால் கரையில் குந்தியிருந்தார். இருவரும் பேசவில்லை. முள் இரண்டு பத்தைத் தொட்டதும் இவர் தன் வாய்மடையை வெட்டினார். அவர் தன்னுடையதை மண்போட்டு அடைத்தார். நீர் திரும்பி, காய்ந்த மண்ணில் சுர்ரென்று இறங்கும் சத்தம் கேட்டது. பிறகுதான் ‘குடும்பம் சுகமா?’ என்று விசாரித்துக்கொண்டார்கள். அந்த வாய்மடை ஒரு நிமிடம் தவறினால் தலைமுறைப் பகை வரும்.

இவ்வளவையும் ஒரே பருவத்தில் பார்த்துவிட முடியாது. அவசரமில்லை. சாயங்காலம் குட்டைக்குக் கடைசித் தீவனம் போட்டுவிட்டுச் சத்துக்குப் போங்கள். ‘தோடா பிண்ட் கெஹ்ரா?’ என்று யாராவது கேட்பார். உங்கள் ஊரின் பெயரை முழுதாகச் சொல்லுங்கள். தமிழ்நாடு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அவர் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்ப்பார். அடுத்த கேள்வி இதுவரை எனக்கு மாறியதே இல்லை: உங்கள் ஊரில் தண்ணீர் எப்படி, இனிப்பா, உப்பா?